சூடான இன்ஜினும் புது பெயின்ட்டும்

நான் வாங்கிய முதல் ஆர்எக்ஸ் 100, விற்றவர் வீட்டு வாசலில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்திலேயே பாதி விழுந்துவிட்டேன். மீதிப் பாதியைப் பளபளத்த கறுப்பு டேங்க் பார்த்துக்கொண்டது. அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் குனிந்து சிலிண்டரைத் தொட்டேன்; கை சுட்டது. நான் வருவதற்கு முன்பே ஒரு ரவுண்டு போய்ச் சூடாக்கி வைத்திருக்கிறார். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் முப்பது உதை உதைத்தேன். எதிர்வீட்டுத் தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து யார் பழைய வண்டி பார்க்கத் துணைக்குக் கூப்பிட்டாலும் ஒரே நிபந்தனைதான். முந்தைய இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும். போனதும் முதல் வேலை சிலிண்டர் மேல் கை வைப்பது. சுட்டால், "டீ குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்றோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின், ஆறிக் கிடக்கும்போதுதான் தன் வயதைச் சொல்லும். நல்ல வண்டி வைத்திருப்பவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவுடன் சேர்ந்து 1985 இறுதியில் இறக்கிய ஆர்எக்ஸ் 100, 1996 வரை வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய நூறு கிலோ. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே வயது முப்பதை ஒட்டிவிட்டது. மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி கதையும் அதே 1996-இல் முடிந்தது. புல்லட் 1950-களின் நடுவிலிருந்து திருவொற்றியூரில் உருவாகி, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்றாலும், பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் வேறு ஜாதி. இவற்றைத் தேடி அலைகிறவர்களில் பெரும்பாலோர், அந்த வண்டிகள் ஷோரூமில் நின்ற காலத்தில் பிறந்தே இருக்கவில்லை. அதில் தப்பில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, எதிரில் நிற்கிற வண்டியைப் பார்க்காமலே வாங்கிவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகள் எல்லாமே இந்த ஒரு கிளையில் காய்த்தவைதான்.

பெயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த வண்டியைவிட, சாயம் வெளுத்த வண்டிக்கே நான் அதிக விலை கொடுப்பேன். வெளுத்த வண்டியில் எங்கே நசுங்கியது, எங்கே வெல்டிங் வைத்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். டேங்க் மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். வெளியே கண்ணாடி, உள்ளே செங்கல் சூளை என்று இருக்கும் டேங்குகள் ஏராளம். அந்தத் துரு கார்பரேட்டருக்குப் போகும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால், 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயவில்லையே என்று மகிழ வேண்டாம், ரப்பர் கட்டையாகியிருக்கும். மழை நாளில் தெரியும்.

இன்ஜினைப் பார்க்கிற ஆர்வத்தில் காகிதத்தை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஆர்சி-யில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் பொறித்த எண்களும் ஓரெழுத்து பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஆர்எக்ஸ் 100 சட்டத்தில் 135 இன்ஜினை ஏற்றியிருப்பார்கள். ஓட்டுவதற்கு ஜோர், எஃப்சி-க்கு நிறுத்தும்போது வினை. எண் பொறித்த இடம் அரைத்துத் தேய்த்ததுபோல் வழவழவென்று இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பத்து வருடமாகப் புதுப்பிக்காத வண்டியை, "அதெல்லாம் ஒரு கையெழுத்துதான் சார்" என்று தள்ளிவிடுவார்கள். ஒரு கையெழுத்துதான் என்றால் அவரே போட்டு வாங்கியிருக்கலாமே?

தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிய 29, 30 படிவங்களோடு ஐந்து கை மாறிய வண்டிகளும் உண்டு. ஆர்சி-யில் இருக்கும் முதல் ஆளுக்குத் தன் வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்றே தெரியாது. விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. புதியவர் அடுத்து என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை காலை மொத்தத்தையும் கழற்றுவார். நானும் கழற்றினேன். மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நான்கு தட்டு நிறைய நட்டு போல்ட்டு, எது எங்கே போகும் என்று ஒரு குறிப்பும் இல்லை. ஓடுகிற வண்டியை ஓட விட்டு, ஒரு வாரத்துக்கு ஒரு கோளாறு என்று சரி செய்தால் வண்டியும் புரியும், பாக்கெட்டும் தாங்கும். முழுதாகக் கழற்றிய வண்டிகளில் கணிசமானவை மூட்டையாகத்தான் அடுத்தவர் கைக்குப் போகின்றன.

கழற்றும்போது இன்னொரு கூத்து. ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளின் கூட்டல்குறி ஸ்க்ரூ, நம் வீட்டு டிரைவருக்குப் பொருந்துவதுபோல் தோன்றும், பொருந்தாது. ஜப்பான் அளவு தனி. சாதாரண டிரைவரை வைத்து அழுத்தித் திருகினால் தலை வழுக்கி வட்டமாகிவிடும். பழைய புல்லட்டில் ஆங்கிலேயர் காலத்து விட்வொர்த் அளவு நட்டுகளும் மில்லிமீட்டர் நட்டுகளும் கலந்து கிடக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலை மழுங்கும், இன்னும் இறுக்கினால் அலுமினியத்தில் மரை போகும். மரை கழண்டவன் என்று மனிதரைத் திட்டுகிறோமே, அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் ஒரு மெக்கானிக்காகத்தான் இருக்க வேண்டும்.

கார்பரேட்டர் ஜெட் அடைத்தால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதாகி, கலவை மாறி, அதன்பின் எந்த டியூனிங்கும் நிற்காது. காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்காரரிடம் போடவும் வேண்டாம். புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கிப் பாருங்கள். நீங்கள் கிலோ கணக்கில் போட்ட அதே மிக்குனி கார்பரேட்டருக்குச் சொல்லும் விலை அப்போது புரியும். பளபளக்கும் டூப்ளிகேட்டைவிட, கறை படிந்த அசலைத் தேய்த்து மாட்டுவது பல நேரம் மேல்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் மட்டும் ஒரு கேள்வியைக் கேட்காமல் சாவியை வாங்கக் கூடாது: ஆயில் பம்ப் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா? ஆர்எக்ஸில் பெட்ரோல் தனி, டூ-டி ஆயில் தனி. பம்ப் வழியாக இன்ஜினுக்குள் சேரும். முன்பு ஓட்டியவர் பம்ப்பை நம்பாமல் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டியிருப்பார். சொல்ல மறந்துவிடுவார். நான் ஆயில் டப்பா நிறைய இருக்கிறதே என்று நிம்மதியாக வெறும் பெட்ரோல் ஊற்றினேன். இருபதாவது கிலோமீட்டரில் பின்சக்கரம் சட்டென்று இறுகி, ரோட்டில் கோடு போட்டது. மெக்கானிக் அண்ணன் ஹெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பெட்ரோல் மட்டுமா ஊத்துன தம்பி?" என்று மட்டும் கேட்டார். சிலிண்டரை லேத்தில் ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்ட வேண்டும். இருபத்திரண்டு வயதில் அதுதான் பெரிய தண்டனை.

இன்று பங்கில் கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பர் குழாயையும் வாஷரையும் உப்ப வைக்கும், வெடிக்க வைக்கும். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்பரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். பெட்ரோல் குழாயை வருடம் ஒருமுறை மாற்ற ஆகும் செலவு, ஒரு பிரியாணிக்குள் முடிந்துவிடும்.

ஓட்டுவதில் வரும் தவறுகள்தான் உண்மையில் ஆளை அடிப்பவை. டிஸ்க் பிரேக்கில் பழகிய கை, டிரம் பிரேக்கைப் பிடித்துவிட்டு வண்டி நிற்கும் என்று காத்திருக்கும். ஆர்எக்ஸ் கிளம்பும் வேகத்துக்கும் நிற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. பழைய புல்லட்டில் இன்னும் மோசம்: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. குறுக்கே நாய் வந்தால் வலது கால் தன்னால் அழுத்தும். வண்டி நிற்காது, அடுத்த கியருக்குப் போகும். காலி மைதானத்தில் ஒரு வாரமாவது ஓட்டிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

அதே புல்லட்டை வெறும் பலத்தால் உதைக்கிறவர்களுக்குக் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிப் போனவர்களைக் கேளுங்கள். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, அது முட்டும் இடத்தில் ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி ஒரு துளி தாண்டி இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டுப் பிறகு முழுதாக ஓர் உதை. முள் சொல்வதைக் கேட்டால் ஐம்பது கிலோ ஆள்கூட ஸ்டார்ட் செய்யலாம்.

மலையிலிருந்து இறங்கும்போது டூ ஸ்ட்ரோக்கை கியரில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடியே வருவது ஆபத்து. ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு, பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும்; இன்ஜினோ வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஏற்காட்டின் இருபது வளைவுகளோ, கொல்லிமலையின் எழுபதோ, அவ்வப்போது லேசாக முறுக்கிக் கொடுத்துக்கொண்டே இறங்குங்கள். இடது கை விரல் இரண்டு எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். இன்ஜின் பிடித்துக்கொண்டால் கிளட்சை இழுத்தவர் நிற்பார், இழுக்காதவர் விழுவார்.

ஒன்று பாக்கி. சந்தையில் தேடுவதற்கு முன் உங்கள் வீட்டுக் கொட்டகையைப் பாருங்கள். சாக்கு போர்த்தி நிற்கும் அப்பாவின் வண்டிதான் பெரும்பாலும் ஊரிலேயே நம்பகமானது. அதன் கதை முழுக்க வீட்டில் யாருக்காவது தெரியும். அப்பா காலமாகியிருந்தால் பெயர் மாற்ற 29, 30 வேண்டாம். வாரிசுக்கு என்றே படிவம் 31 இருக்கிறது. அதை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தவறவிட்டவர்கள் இன்னும் தள்ளிப்போடாமல், ஆர்சி-யையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.