சதி! சதி!

அமெரிக்காவிலே சேலம் என்றோர் ஊர் (நம் சேலமல்ல!). 1692-இல் அங்கே சூனியம் வைத்தனரென்று 19 பேரைத் தூக்கிலிட்டனர். 1950-இல் செனட்டர் மெக்கார்த்தி, அரசாங்கத்திலே கம்யூனிஸ்டுகள் என்று கூவினார். முதல் நாள் 205, மறுநாள் 57! பேய் மாறிற்று, பூசாரித்தனம் மாறவில்லை.

இடையே நடந்ததைத்தான் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புகிறோம். 1919-இல் எஃகுத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். கேட்டது எட்டு மணி நேர வேலை. ஏடுகளோ போல்ஷ்விக் சதி என்றன! அட்டர்னி ஜெனரல் பால்மர் ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தார்; 1920 மே முதல் நாள் புரட்சி வெடிக்கும் என்றும் அலறினார். போலீஸ் திரண்டது; புரட்சிதான் வரவில்லை. சிரிக்கலாம். ஆனால் சனவரியிலேயே வேலைநிறுத்தம் முறிந்துவிட்டது. தொழிலாளி பன்னிரண்டு மணி நேர உலைக்கே திரும்பினான்.