குவைத்தின் கோடைக் குழாய்

குளிர்ந்த நீர் வேண்டுமென்று யாரேனும் வெந்நீர்க் குழாயைத் திறப்பார்களோ? குவைத் தேசத்து வீடுகள் பலவற்றில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இது சகஜமான வழக்கம். மொட்டை மாடியில் நின்று பகல் முழுவதும் பாலைவனச் சூரியனின் உக்கிரத்தை ஏற்கும் தொட்டியிலிருந்து இறங்கிவரும் நீர், கை வைக்கவும் ஒண்ணாதபடி சுடுவதால், விஷயம் தெரிந்த குடும்பத்தினர் கோடை தொடங்கியதுமே குளியலறை ஹீட்டருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திவிடுகின்றனர். ஏ.சி.யின் குளிர்ச்சி பரவிய வீட்டினுள்ளே அந்த ஹீட்டரின் கலத்தில் சில மணி நேரம் தங்கும் நீர், தன் வெப்பத்தை மெல்ல மெல்ல இழந்து, வெந்நீர்க் குழாயின் வழியே இதமான தண்ணீராக வெளிவருகிறது. இந்த யுக்தியை முதலில் கண்டவர் யாரோ, அவருக்கு ஒரு நமஸ்காரம்!

அந்த நீரின் பூர்வ சரித்திரமோ இன்னும் விசேஷமானது. நிரந்தரமாக ஓடும் நதி ஒன்றேனும் இல்லாத அத்தேசம், முற்காலத்தில் ஷாத் அல் அராப் நதியிலிருந்து பாய்மரக் கப்பல்களில் குடிநீரைத் தருவித்து வாழ்ந்தது. 1953-ஆம் ஆண்டில் அங்கே அரசாங்கத்தின் முதல் சுத்திகரிப்பு நிலையம் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கத் தொடங்கிற்று. இன்றும் பெரும்பாலும் மின்சார உற்பத்தி நிலையங்களே, தம்மிடமுள்ள நீராவியின் சக்தியைக் கொண்டு, மின்சாரத்தோடு கூடவே உப்பு நீங்கிய நீரையும் அளித்துவருகின்றன. குழாயில் வரும் நீருக்கும் அறையில் எரியும் விளக்குக்கும் அங்கே செலவாகும் எரிபொருள் ஒன்றுதான்.