பாட்டியின் தமிழைப் பறிக்காதீர்கள்

ஸ்கூடாய்த் தாமான்களில் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடுகின்றன. இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூரின் துவாஸுக்கோ, ஜொகூர் பாருவைத் தாண்டி உட்லண்ட்ஸுக்கோ வேலைக்குப் போகிற அப்பாக்கள், அம்மாக்கள். அவர்கள் வீடு திரும்பும்போது பல வீடுகளில் பிள்ளை தூங்கியிருக்கும். பகல் முழுவதும் அதற்குத் துணை பாட்டிதான். சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் அவர். பேசுவதும் அவர்தான், தமிழில்.

அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், வீட்டுக்குள் ஓர் அறிவுரை நுழைகிறது. பாலர் பள்ளி ஆசிரியரோ உறவினரோ சொல்லியிருப்பார். சில நேரம் விவரம் தெரிந்திருக்க வேண்டியவர்களே சொல்லிவிடுகிறார்கள். "வீட்டுல ரெண்டு மூணு மொழி பேசினா பிள்ளை குழம்பிடும். இங்கிலீஷ் மட்டும் பேசுங்க." மருமகளும் தயங்கித் தயங்கி, "அத்தை, இனிமே அவன்கிட்ட இங்கிலீஷ்லயே பேசுங்க" என்கிறார். அத்தைக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து சொல். அவர் வாயை மூடிக்கொள்கிறார். பேசிக்கொண்டிருந்த பாட்டியின் இடத்தில் கைப்பேசி வந்து உட்கார்கிறது. பேச்சு தாமதமான பிள்ளைக்கு நம் வீடுகளில் நடக்கும் பெரிய தீங்கு இதுதான் என்று நான் நம்புகிறேன்.

பல மொழி கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளையே எடுத்துக்கொண்டு பார்த்தது. இரு மொழிகளில் வளர்ந்தவர்கள், ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த அதே நிலைப் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. கூடவே இன்னொரு மொழியும் அவர்களிடம் இருந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. உங்கள் பிள்ளை 'தண்ணி' என்று தமிழிலும், 'சூசூ' என்று மலாயிலும், 'கார்' என்று ஆங்கிலத்திலும் சொன்னால் அவனிடம் மூன்று சொற்கள் இருக்கின்றன. எல்லா மொழியையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அப்படி எண்ணியும் குறைவாக இருந்தால் காத்திருக்கக் கூடாது. இங்கேதான் நம் சமூகத்தின் பழைய சமாதானங்கள் குறுக்கே வருகின்றன. ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும். அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு. நாக்குக்கு அடியில ஒட்டியிருக்கு. வசம்பு உரசித் தடவு. இவை அன்பினால் சொல்லப்படுபவை, சொல்கிறவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. நாக்கு ஒட்டியிருப்பது சில ஒலிகளை வேண்டுமானால் பாதிக்கலாம். ஒரு பிள்ளை பேசவே பேசாமல் இருப்பதற்கு அது காரணமாகாது. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுவது உண்மைதான். ஆனால் அந்தப் பலரில் உங்கள் பிள்ளையும் ஒன்றா என்பதை இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலின்படி, ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது சொல்ல முயல வேண்டும்; இரண்டு வயதில் 'பால் வேணும்' போல இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும்; இரண்டரை வயதில் ஏறத்தாழ ஐம்பது சொற்கள் இருக்க வேண்டும். நூற்றில் எழுபத்தைந்து பிள்ளைகளாவது அந்த வயதில் செய்துவிடுவதைத்தான் அந்தப் பட்டியல் குறிக்கிறது. அதனால் 'இன்னும் நேரம் இருக்கு' என்று அதைத் தள்ளிப்போட முடியாது.

சொல்லைவிட முக்கியமானவையும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? வானத்தில் விமானம் போனால் விரலால் சுட்டிக்காட்டி, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? வேண்டியதைக் காட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மட்டும் போகிறதா? உட்காருவது, நடப்பது, விளையாடுவது எல்லாமே பிந்துகிறதா? இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வளர்ச்சித் துறைகளில் பின்தங்கியிருந்தால் ஐந்து வயதுக்குள் அதை ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்பார்கள். பேசிக்கொண்டிருந்த சொற்கள் திடீரென்று மறைந்துபோனால் எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்கூடாயில் இருப்பவர் எங்கே போவது? முதல் படி, தடுப்பூசிக்குப் போகும் அதே அரசு சுகாதாரக் கிளினிக். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்திலேயே எம்-சாட் என்ற கேள்விப் பட்டியல் இருக்கிறது. 18 மாதத்திலும் மூன்று வயதிலும் நிரப்ப வேண்டியது. ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடும் கேள்விகள் அவை. பலர் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுவிட்டு தாதியிடம் கொடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். அந்தக் கேள்விகளைப் பாட்டியிடம் வாசித்துக் காட்டி நிரப்புங்கள். பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் அவர்தான்.

அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் கிடைக்கும். முதலில் காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள். 'டிவி சத்தத்துக்குத் திரும்புறானே, காது நல்லாத்தான் இருக்கு' என்பது போதாது. நடுக்காதில் நீர் தேங்கினால் பெரிய சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காது. அரசு நிபுணர் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் வெறும் 5 ரிங்கிட். ஆனால் பேச்சு சிகிச்சைக்குக் காத்திருப்பு நீளம். ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் வாரங்கள் ஓடிவிடும். தனியாரிடம் போனால் ஒரு முறைக்கே பெரும்பாலும் நூறு ரிங்கிட்டைத் தாண்டும். வரி கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் பரிசோதனை, தொடக்ககாலப் பயிற்சி ஆகியவற்றுக்கு 2023இல் 4,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு வந்தது, 2025ஆம் ஆண்டுக்கு அது 6,000 ஆனது. ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. அதனால் வீட்டில் நடப்பதுதான் சிகிச்சையின் பெரும் பகுதி. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளுக்காக வகுத்திருக்கும் பயிற்சியே பெற்றோருக்கானது: ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டுச் சந்திப்புகள். தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதை நடைமுறையில் காட்டியிருக்கிறது. அதன் பணியாளர்கள் கையில் டேப்லெட்டுடன் கிராமத்து வீடுகளுக்கே போய், அம்மாவையும் பாட்டியையும் உட்காரவைத்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம் பாட்டிகளுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும். பிள்ளையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஆளுக்கு ஒரு வாயாக ஊட்டி, பிறகு விரல்களை நண்டு போலக் கைமேல் ஏற்றிக்கொண்டு போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். கிச்சுகிச்சுக்குச் சற்று முன் பாட்டி நிறுத்துவார். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கும். கண்ணோடு கண் பார்ப்பது, முறைக்குக் காத்திருப்பது, 'இன்னும் வேணும்' என்று ஒரு சத்தத்தாலோ சைகையாலோ கேட்பது எல்லாம் அந்த ஒரு நொடியில் இருக்கின்றன. சிகிச்சை அறையில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். அந்த நிறுத்தத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்கள், மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை.

குளிப்பாட்டும்போதும் அப்படியே. 'தண்ணி ஊத்தவா?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளை கையை நீட்டினால் 'தண்ணி!' என்று சொல்லி ஊற்ற வேண்டும். 'சொல்லு, சொல்லு' என்று அதட்டுவது வேண்டாம். பயந்த பிள்ளை பேசாது. நீளமாகப் பேசவும் வேண்டாம். பிள்ளை ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டு சொல். கைப்பேசியைப் பொறுத்தவரை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது தெளிவானது: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை கூடாது, இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

பேச்சு வரும் வரை படத்தைக் காட்டியோ சைகையாலோ கேட்கப் பழக்கினால் பேச்சே வராது என்ற பயமும் தேவையில்லை. 2006இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பத்தகுந்த ஆய்வுகளில் இருந்த எவருக்கும் அதனால் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கூடவே செய்தது. இப்படிப் படங்களைக் கொண்டு பேச உதவும், சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது.

அடுத்த தயக்கம் மாற்றுத்திறனாளி அட்டை. 'ஓகேயூ கார்டு எடுத்தா பிள்ளை மேல முத்திரை விழுந்திடும்' என்கிறார்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சமூக நலத்துறை தரும் இந்த அட்டை கட்டாயமில்லை, விரும்பினால் எடுப்பது. அது உதவிகளுக்கும் சமூக மறுவாழ்வு மையங்களுக்கும் வழி திறக்கிறது. பிள்ளை பள்ளி வயதை எட்டும்போது, சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கல்வி அமைச்சின் கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப் பள்ளிகளிலும் இல்லை என்பதுதான் நம் குறை.

அதைவிடப் பெரிய குறை, தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் அரிதாக இருப்பது. இந்த நாட்டில் பேச்சு சிகிச்சைக்கான முதல் பட்டப்படிப்பே 1995இல்தான் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பாட்டியிடம் அவர் மொழியிலேயே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? எஸ்டிபிஎம், மெட்ரிகுலேசன் முடித்து மருத்துவம் கிடைக்காமல் சோர்ந்து நிற்கும் நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியப் பிள்ளைகளின் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு உதவும் அரசு அமைப்பான மித்ரா, இவர்களுக்கும் உபகாரச் சம்பளம் தர முன்வர வேண்டும். பொது இயக்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.