‘ஸ்லாப் ஆவ்’ சொன்னால் கோபம் ஆறுமா?

போன ஞாயிறு ஸ்டோவ்னர் கோபுரத்துக்குப் போனோம். 2017இல் திறந்த, மரங்களுக்கு மேலால் வளைந்து வளைந்து ஏறும் 260 மீட்டர் நடைபாதை அது. பாதி வழியில் என் மகனின் கையுறை ஒன்று கீழே விழுந்துவிட்டது. ஒரே அழுகை, கத்தல். ஆட்கள் திரும்பிப் பார்க்க எனக்கு வெட்கமாய்ப் போச்சு. “ஸ்லாப் ஆவ்!” என்று அதட்டினேன். கத்தல் இன்னும் கூடியது.

அம்மா அவனுக்குப் பக்கத்தில் குந்தினார். “ஒண்டுமில்லை ராசா. கொஞ்சம் ஆறு. பிறகு ஆறுதலாச் சொல்லு.”

அவன் விம்மிக்கொண்டே, “ஆறு என்ரை வயசெல்லோ, அம்மம்மா?” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

‘ஸ்லாப்’ என்றால் நோர்வேஜிய மொழியில் தளர்ந்தது என்று பொருள். வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்திருக்க ‘ஸ்லாப் ஆவ்’ நல்ல சொல். கோபத்தில் நிற்கிறவருக்குச் சொன்னாலோ அது கட்டளை. ‘உன் கோபம் பெரிய விஷயமில்லை’ என்றுதான் காதில் விழும்.

தமிழிலும் அப்படி ஒன்று உண்டு: ‘சும்மா இரு’. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரிலிருந்து போன் வரும், பெரியாக்கள் அழுவார்கள். “என்ன நடந்தது?” என்று கேட்டால், “சும்மா இரு பிள்ளை” என்பார்கள். நான் சும்மா இருந்தேன். பயம் மட்டும் போகவில்லை.

‘ஆறு’ வேறு மாதிரி. தேத்தண்ணி ஆறும், புண் ஆறும், களைப்பும் கோபமும் ஆறும். எதுவும் சொன்னவுடன் ஆறாது, நேரம் எடுக்கும். அந்த நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிற சொல் இது. அதனால்தான் ‘ஆற அமர யோசி’ என்கிறோம். துக்க வீட்டில் சொல்வதும் ‘ஆறுதல்’தான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். யாருக்காவது கோபம் வந்தால் ஆறு தரம் மூச்சு விடுவோம். அதற்குப் பிறகுதான் கதை. எல்லா நாளும் சரிவராது.

நேற்றுக் காலை சப்பாத்தைத் தேடி நான் கத்திக்கொண்டு நிற்க, மகன் வந்து கையைப் பிடித்தான்.

“அம்மா, கொஞ்சம் ஆறுங்கோ.”

உங்கள் பிள்ளை கத்தும்போது உங்கள் வாயில் முதலில் வருவது எந்தச் சொல்? ஒருக்கால் கவனித்துப் பாருங்கோ.