கம்பியில்லா இணையமும் நமது மடிக்கணினியும்

இந்நாளில் சங்கக் கணக்கும் கைத்தறித் துணி விற்பனையும் மடிக்கணினி வழியாகவும் நடைபெறுகின்றன. ஆதலின் ரூட்டர் வாங்கும்போது பொதுப்பணம் வீணாகாமல் காப்பது நமது கடமையாகும். அதிவேகம் என்னும் விளம்பரத்தை மட்டும் நம்புதல் தகாது.

பாவு எத்துணை நயமாயினும் ஊடை முரடாயின் துணி முரடே. ரூட்டரும் மடிக்கணினியும் அத்தகையனவே. வைஃபை 4 என்னும் தரம் 2009-லும், வைஃபை 5 என்பது 2013-லும், வைஃபை 6 என்பது 2021-லும் ஏற்பு பெற்றன. புதிய ரூட்டர் பழைய மடிக்கணினியுடனும் இணையும். ஆனால் பழைய வேகமே கிட்டும். ஒற்றை ஆன்டெனா கொண்ட வைஃபை 4 மடிக்கணினி, 20 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் விநாடிக்கு 72 மெகாபிட்டுக்கு மேல் பெறாது. அதற்கு விலையுயர்ந்த ரூட்டர் எதற்கு? மடிக்கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வயர்லெஸ் அட்டையின் பெயரைக் கண்டு, அதன் தரத்தை முதலில் அறிக. அட்டை பழையதாயின் யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்றே போதுமானதாகலாம்.

அஸ்தினாபுரம், குரோம்பேட்டை போன்ற புறநகர்களில் அடுக்கு வீடுகள் நெருங்கியுள்ளன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடக்க வல்லது. எனினும் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றே. அண்டை வீட்டு ரூட்டர்களால் அங்கு நெரிசல் மிகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமுடையது. ஆனால் சுவர்களிடை விரைவில் தளரும். ஆகவே இரண்டும் உள்ள ரூட்டரைத் தேர்ந்து, வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தல் நலம்.

இணையச் சந்தா 100 மெகாபிட்டுக்கு மேற்பட்டதாயின், ரூட்டரின் கம்பித் துளைகள் கிகாபிட் வகையா எனக் கேட்டறிதல் வேண்டும். இவ்வளவும் விசாரித்த பின்னரே அங்கத்தினர்கள் பணப்பையைத் திறப்பார்களாக.