நினைவக அட்டையும் அதன் பழுதுகளும்

எழுத்தும் உருவப்படமும் இல்லாதவிடத்துக் குடும்ப வரலாறு செவிவழிச் செய்தியாய் நின்று, இரண்டொரு தலைமுறையில் மறைந்தொழியும். சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்கள் இதனை அனுபவத்தில் உணர்ந்தவர்கள். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே குடும்பத்தாரைக் கடலின் இருமருங்கும் பிரித்தது. எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் எஞ்சியோர்க்கும், தமிழகஞ் சென்றோர்க்கும் இடையே உறவை நினைவூட்டுவனவற்றுள் புகைப்படம் முதன்மையானது. முதியோரின் உருவங்களும் பழைய சான்றிதழ்களின் படங்களும் பழைய இலக்கமுறைக் கமெராவின் நினைவக அட்டை ஒன்றில் மட்டுமே இருத்தல் கூடும். அவ்வட்டை பழுதுற்றவிடத்துச் செய்யத்தக்கன, தகாதன ஆகியவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அட்டையின் இயல்பை அறிதல் வேண்டும். மின்சாரம் நீங்கிய பின்னரும் தகவலைத் தாங்கி நிற்கும் பிளாஷ் நினைவகத்தைத் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோகா என்னும் யப்பானிய அறிஞர் 1980களில் உருவாக்கினார். அதனை அடிப்படையாகக் கொண்ட எஸ்.டி. அட்டை 1999 இல் அறிவிக்கப்பட்டது. இதனுள் படங்களின் தகவல் ஒருபுறமும், எந்தப் படம் எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணை மற்றொருபுறமும் இருக்கும். இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்தோர்க்கு ஏனையவை எளிதில் விளங்கும்.

புதிய அட்டையைப் பழைய கமெரா ஏற்க மறுப்பது பலரும் காணும் இடர். தொடக்ககால எஸ்.டி. அட்டையின் கொள்ளளவு 2 ஜிகாபைற் வரையினதே. அதற்கு மேல் 32 ஜிகாபைற் வரை கொள்ளும் எஸ்.டி.எச்.சி. வகை 2006 இலும், அதனினும் பெரிய எஸ்.டி.எக்ஸ்.சி. வகை 2009 இலும் வகுக்கப்பட்டன. உருவம் ஒன்றாயினும் முறை வேறாதலின், முற்பட்ட கமெரா பிற்பட்ட அட்டையை வாசிக்க மாட்டாது. ஈண்டு இரண்டிலும் பழுதில்லை. 2 ஜிகாபைற் அல்லது அதனிற் குறைந்த அட்டையை இடுதலே பரிகாரம். "அட்டை பூட்டப்பட்டுள்ளது" என்னும் பொருள்படச் செய்தி தோன்றின், அட்டையின் ஓரத்திலுள்ள சிறு தாழைத் தொடுமுனைகள் உள்ள பக்கமாக நகர்த்தினாற் போதும்.

அடுத்தது ஈரம். இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 3,700 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. ஈரக் காற்றினால் அட்டையின் உலோகத் தொடுமுனைகளில் மாசு படிய, கமெரா ஒருகால் அட்டையைக் காணும், ஒருகால் காணாது. அப்போது கமெராவை நிறுத்தி, அட்டையை வெளியே எடுத்து, மென்மையான உலர்ந்த துணியால் அம்முனைகளைத் துடைத்தல் வேண்டும். நனைந்த அட்டையை அடுப்பனலில் வாட்டுதல் கேடு தரும். நிழலிற் பல நாள் உலர்த்திய பின்னரே அதற்கு மின்னூட்டல் தகும். 2003 ஆம், 2017 ஆம் ஆண்டுகளின் மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தை அழித்தாற்போன்ற வெள்ளங்கள் மீளவும் நேரலாமாதலின், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் இறுக மூடிய புட்டியில் அட்டையை வைத்தல் நன்று.

இவை யாவற்றினும் அச்சந் தருவது, அட்டையை "ஃபோமற்" செய்யுமாறு கமெரா கேட்பதாகும். படம் பதியும் வேளையில் மின்கலம் தீர்ந்தாலோ அட்டை பிடுங்கப்பட்டாலோ அட்டவணை சிதையும். படங்கள் அழிந்தனவென்று அஞ்சுவோர் இவ்விடத்தே பிழை செய்வர். தோட்டத்துச் செக்ரோலில் ஒருவர் பெயர் வெட்டப்பட்ட மறுகணமே அவர் இருந்த லயத்துக் காம்பரா வெறுமையாகிவிடுவதில்லை; வேறொரு குடும்பம் குடிபுகும்வரை பழைய குடியின் பொருள்கள் அங்கே கிடக்கும். அட்டவணை சிதைந்த அட்டையும் அத்தகையதே. புதிய படம் ஒன்று அவ்விடத்திற் பதியும்போதுதான் பழையது மெய்யாகவே அழிகின்றது. ஆகவே கமெராவின் கேள்விக்கு இசையாது, மேலும் ஒரு படமும் எடாது, அட்டையை உடனே வெளியே எடுத்தல் முதற் கடமை. பின்னர் அதனை அட்டைவாசிப்பான் மூலங் கணினியில் இணைத்து, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளாற் படங்களைத் தேடலாம். மீட்டவற்றை அதே அட்டையில் எழுதாது, கணினியிற் சேமித்தல் வேண்டும். மீட்பு முடிந்த பின்னரே அட்டையைக் கமெராவிலிட்டு ஃபோமற் செய்தல் பொருந்தும். நினைவகச் சில்லே கெட்டிருப்பின் இம்முறைகள் பயன்படா.

எவ்வகை அட்டையும் நிலையான கருவூலமன்று. அதிலுள்ள மின்னேற்றம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். பனையோலையும் அழியும் பொருளே. எனினும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தற்கு, ஏடுகள் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்பட்டு வந்தமையே ஏதுவாயிற்று. அம்மரபு படங்களுக்கும் உரியது. அட்டையிலுள்ளவற்றை வேறிரண்டு இடங்களிற் படியெடுத்து, இன்றியமையாத சிலவற்றைத் தாளிலும் அச்சிட்டு வைப்போர், அட்டை பழுதுறினும் தம் முன்னோர் முகத்தை இழவார்.