மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்

மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்பது சென்னையில் உருவான, நால்வர் கொண்ட நரம்பிசைக் குழு ஆகும். வயலின் கலைஞரும் திரைப்பட இசையமைப்பாளருமான வி. எஸ். நரசிம்மன் 1993 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். கர்நாடக இசை உருப்படிகளை, சிறப்பாகத் தியாகராசரின் கீர்த்தனைகளை, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ ஆகியவற்றுக்கு ஏற்ப அமைத்து வாசித்தது இக்குழுவின் தனித்தன்மையாகும்.

பின்னணி

இந்நான்கு கருவிகள் கொண்ட அமைப்பு 18 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஹைடன் முதலியோரால் நிலைபெற்றது. 1973 இல் அமெரிக்காவில் தோன்றிய குரோனாஸ் குவார்டெட் போன்ற குழுக்கள் சமகாலப் படைப்புகளுக்கென்றே இதனைக் கையாண்டன. தமிழ்நாட்டிலோ இத்தகைய குழுவுக்கான கலைஞர்கள் பெரும்பாலும் திரைப்பட இசைக்குழுக்களிலேயே உருவாயினர். அம்மரபு சென்னைக்கு மட்டும் உரியதன்று, டி. ஆர். சுந்தரம் 1935 இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஜி. ராமநாதன் இசையமைத்த மந்திரி குமாரி (1950) முதலிய படங்களைத் தயாரித்தது.

நரசிம்மன், அச்சமில்லை அச்சமில்லை (1984), கல்யாண அகதிகள் (1985) ஆகிய படங்களுக்கு இசையமைத்தவர். இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் (1986) இசைத்தொகுப்பில் தனி வயலின் வாசித்தவரும் இவரே. தியாகராசரையும் பாக்கையும் அருகருகே நிறுத்திய அத்தொகுப்பை இக்குழுவின் முன்னோடி எனக் கருத இடமுண்டு.

இசை அமைப்பு முறை

கர்நாடக இசையில் ஒரு நேரத்தில் ஒரு பண்வழியே செல்லும். மேற்கத்திய இசையில் பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கும். இவற்றை இணைப்பதில் இரண்டு இடர்கள் உள்ளன.

முதலாவது, இராகத்தில் இல்லாத சுரம் துணைக்குரலில் நுழைந்தால் இராக வடிவம் குலையும். ஆனால் இராகச் சுரங்களை மட்டும் கொண்டால் கிடைக்கும் சுரக்கூட்டுகள் மிகக் குறைவு. எடுத்துக்காட்டாக, மோகனத்தில் மத்திமமும் நிடாதமும் இல்லை. எனவே மேற்கத்திய முறையில் அடிப்படையான மூன்று சுரக் கூட்டுகளில், ச-க-ப, த-ச-க என இரண்டு மட்டுமே அதில் அமையும். ஐரோப்பிய இசையமைப்பாளர் ஒருவருக்கு இது வெறுங்கையுடன் சமைக்கச் சொல்வது போன்றது.

இரண்டாவது, கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிடபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைகிறது. அதன்கீழ் அசையாத சுரக்கூட்டை வைத்தால் இரண்டும் முரணும். அசைவை நீக்கினாலோ தோடியே இல்லை. கீர்த்தனையின் மெட்டை முதல் வயலின் கமகத்துடன் அப்படியே வாசிக்க, ஏனைய கருவிகள் அதனைத் தாங்கிச் செல்வதே நரசிம்மன் கண்ட வழி. அதனால் இங்கு துணைக்கருவிகள் அடக்கமாகவே ஒலிக்கின்றன. ஐரோப்பிய குவார்டெட்டில் காணப்படும் நால்வரின் சம உரையாடலை இதில் எதிர்பார்க்க இயலாது.

ரெசொனன்ஸ் என்பது இக்குழுவின் இசைத்தொகுப்பு ஆகும். இக்குழுவில் வாசித்தவர்களுள் செலோ கலைஞர் வி. ஆர். சேகரும் வியோலா கலைஞர் பி. ஜே. சந்திரனும் குறிப்பிடத்தக்கவர்கள்.

கருத்து வேறுபாடு

சுருதியின் துணை ஒன்றே போதும், இராகத்துக்கு ஒத்திசை தேவையில்லை என்பது மரபுவாதிகளின் நிலைப்பாடு. வயலினே 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் போன்றோர் வழியாகக் கர்நாடக இசைக்குள் வந்த ஐரோப்பியக் கருவி என்பதும், அ. மா. சின்னசாமி முதலியார் 1893 இலேயே கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் அச்சிட்டார் என்பதும் மறுதரப்பின் வாதங்கள்.